மருந்து அடித்த பிறகு

ஆகஸ்ட் 29

காலையிலிருந்து ஜன்னல் கத்திக்கொண்டிருக்கிறது. ஜன்னல் என்றால் அண்ணன். இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடப்பவனுக்கு, அண்ணி தன் அக்கா வீட்டிலிருந்து ஒரு பைனாகுலர் வாங்கிவந்து கொடுத்ததுதான் இந்த வீட்டில் நடந்த பெரிய தப்பு. பொழுதுபோகட்டும் என்று செய்தார், பாவம். அவனுக்குப் பொழுது போகிறது. எங்களுக்குத்தான் போகமாட்டேன் என்கிறது.

"இலை பூரா ஓட்டை. உனக்குக் கண்ணு தெரியுதா இல்லையா?"

தெரிகிறது. சோயா இலை சல்லடையாகத்தான் இருக்கிறது. வெள்ளைத் துணியை எடுத்துக்கொண்டு போனேன். வரிசைக்கு நடுவே விரித்து, இரண்டு பக்கத்துச் செடியையும் துணிமேல் சாய்த்து உலுக்கினால் செடியில் குடியிருப்பவர்கள் எல்லாரும் விழுந்துவிடுவார்கள். விழுந்தது முக்கால்வாசி இலைப்புழு. கூடவே பொறிவண்டு, சிலந்தி, புழுவைத் தின்கிற நம் ஆட்கள். காயைக் குடைகிற புழு தேடினால்தான் கிடைக்கிறது. காயில் சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி வேலியோரத்தில் மட்டும் கொஞ்சம். வயல் முழுக்க அங்கங்கே நின்று உலுக்கிப் பார்த்துவிட்டேன், இதே கதைதான்.

காய் நிரம்பிவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் இலை தானாகப் பழுத்துக் கொட்டப்போகிறது. கொட்டப்போகிற இலையைப் புழு தின்றால் என்ன, நான் தின்றால் என்ன? இதைப் போய் அவனிடம் சொன்னேன்.

"அப்ப நீயே போய்த் தின்னு," என்றான்.

செப்டம்பர் 1

வேலை கிடைத்துவிட்டது.

எழுதிப் பார்த்தால் நம்பிக்கை வரும் என்று எழுதினேன். வரவில்லை. மறுபடி எழுதுகிறேன் – வேலை கிடைத்துவிட்டது.

விதைப் பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒரு அம்மா பேசினார். தட்டில் ஈரத்தாள் போட்டு விதையை அடுக்கி, முளைக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்லும் வேலை. நிழலில். உட்கார்ந்துகொண்டு. அக்டோபர் ஆறாம் தேதி சேரவேண்டும். கூடத்துக்குப் பின்னாலேயே தங்க அறை இருக்கிறதாம். "சின்ன ரூம்தான் மேடம். ஆனா தனிச் சாவி உண்டு," என்றார். அதற்குமேல் அவர் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை.

அண்ணன் லாரிமேலிருந்து விழுந்த வருடம் ஒரு பையோடு இந்த வீட்டுக்கு வந்தேன். அன்றிலிருந்து சாக்கு அடுக்கும் அறையில் படுக்கிறேன். கதவு கிடையாது, ஒரு திரை. சாக்கு எடுக்க யாராவது வந்துபோய்க்கொண்டே இருப்பார்கள். புழுக்காரி என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம். நாற்பது வயதில் ஒருத்திக்கு ஒரு கதவு வேண்டும் என்று தோன்றுவது பேராசையா?

செப்டம்பர் 3

மெஷின்காரர் வந்து பார்த்தார். அறுவடை மெஷின் நம் பக்கம் இருபத்துநாலாம் தேதி வரும், அதற்குள் காய் காய்ந்துவிடும் என்றார். கணக்கு சரியாக வருகிறது. அறுத்து, எண்ணெய் ஆலைக்கு ஏற்றி, மறுநாளே நான் கிளம்பினாலும் கைவசம் நாள் மிச்சம். ஒரு வருடமாவது ஏதாவது ஒன்று சரியாக வரக்கூடாதா, வரட்டும்.

செப்டம்பர் 6

சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். அண்ணன் மென்றுகொண்டே, "போ, போ. போய் முளைப்பு எண்ணு. இங்க முளைச்சத எல்லாம் புழு தின்னுட்டுப் போகட்டும்," என்றான்.

"அறுவடை முடிச்சுட்டுத்தான் போறேன். அடுத்த வருஷத்துக்கு ஆள் பாரு."

"ஆள் என்ன, கடையில விக்குதா?"

அண்ணி என் தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்தார். எந்த ஊர், எந்தத் தெரு, தங்க இடம் உண்டா என்று கேட்டார். அறையைப் பற்றிச் சொன்னேன், சாவியையும் சொன்னேன். "நல்லது," என்றார். எழுந்து போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்துவிட்டார், இன்னும் சாப்பிடாமலே.

அண்ணன் விடவில்லை. போகிற நேரத்திலாவது ஒரு மருந்து அடித்துவிட்டுப் போ என்கிறான். எத்தனை முறை சொல்வது? இப்போது மருந்து அடித்தால் காத்திருக்க வேண்டும். அடித்த மருந்தின் வீரியம் செடியிலிருந்து போகும்வரை அறுக்கக்கூடாது. சில மருந்துக்கு ஒரு வாரம், சிலதுக்கு ஒரு மாதம். அவசரப்பட்டு அறுத்தால் ஆலையில் ஒரு கைப்பிடி எடுத்துச் சோதித்துவிட்டு லாரியோடு திருப்பி அனுப்புவார்கள். அப்புறம் நம் பெயரைச் சொன்னாலே கேட் திறக்காது. தொண்டை வறளச் சொன்னேன்.

அண்ணி தேய்த்துக்கொண்டே கேட்டார். "ஒரு மாசம் கூடவா காத்திருக்கணும்?"

"ஆமா அண்ணி. அண்ணனுக்குப் புரியல, உங்களுக்காவது புரியுதே," என்றேன்.

செப்டம்பர் 9

வெயில். மேல்வயலில் இலை மஞ்சள் கட்டுகிறது. பார்க்கப் பார்க்கச் சந்தோஷம். இலை கொட்டுவதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

செப்டம்பர் 12

வேலியோரத்து நாவாய்ப்பூச்சி உள்ளே நகர்கிறதா என்று பார்த்தேன். நகரவில்லை. காயைப் பிளந்தால் விதை மொழுமொழுவென்று இருக்கிறது, சுருக்கமில்லை. இனி எது வந்தாலும் இந்தப் பயிரைப் பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது. பயிர் தப்பித்துவிட்டது. நானும்.

நாளை மறுநாள் கூடம் இருக்கும் ஊருக்குப் போய் அறையைப் பார்க்கப் போகிறேன். உடல்நலச் சான்றிதழும் வாங்கவேண்டுமாம். அங்கேயே ஒரு நாள் தங்கிவிட்டு வரவேண்டியிருக்கும்.

செப்டம்பர் 15

எழுத முடியவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மூக்கில் ஏறிவிட்டது. யாரோ பக்கத்து வயலில் அடித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே நடந்தேன். எங்கள் வரப்புக்கு வந்ததும் – நம் வயல்தான். மேல்வயல், கீழ்வயல், ஒரு வரிசை விடாமல். வரிசைக்கு நடுவே பொறிவண்டு மல்லாக்கக் கிடக்கிறது. சிலந்தி கிடக்கிறது.

வீட்டுக்குள் போய், "யாரு அடிச்சது?" என்றேன்.

அண்ணன் பைனாகுலரை இறக்கவே இல்லை. "எவன் அடிச்சா என்ன, நல்ல காரியம் பண்ணியிருக்கான்," என்றான். சிரிக்கிறான். பல் தெரியச் சிரிக்கிறான்.

"நீதானே ஆள் வெச்ச?"

"நான் எங்க வெச்சேன்? நான் படுத்துக் கிடக்கேன்."

படுத்துக்கொண்டே ஊரை விற்பான் இவன். ஃபோன் கையில்தானே இருக்கிறது. மருந்து அடிக்கிற ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள், அடித்தார்கள், போனார்கள் என்றார் அண்ணி, என் முகத்தைப் பார்க்காமல். பயந்திருப்பார். அவன் கத்தியிருப்பான்.

குப்பைக்குழியில் காலி பாட்டில்களைக் கண்டுபிடித்தேன். அறுவடைக்கு முன் முப்பது நாள் என்று போட்டிருக்கிறது.

முப்பது நாள்.

செப்டம்பர் 16

மெஷின்காரரிடம் போனேன். இருபத்துநாலில் அறுக்க முடியாது என்றேன். அப்படியென்றால் மற்றவர்களை முடித்துவிட்டுத்தான் திரும்ப முடியும், அக்டோபர் பதினேழு ஆகிவிடும் என்றார். என் முகத்தைப் பார்த்து அவருக்கே பாவமாக இருந்திருக்கும். குரலை இறக்கினார்.

"நானும் சொல்லமாட்டேன், நீங்களும் சொல்லாதீங்க. சொன்ன தேதியிலேயே அறுத்துருவோம். யாருக்குத் தெரியப்போகுது?"

எனக்குத் தெரியும். ஆலை கண்டுபிடிக்காமலே போனாலும் அது எண்ணெயாகி, மாவாகி எங்கேயோ ஒரு பிள்ளையின் தட்டுக்குப் போகும். முடியாது என்றேன். வரப்பில் வரும்போது என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். ஊரில் எல்லாரும் செய்கிறதைச் செய்யமுடியாத ஒரு புத்தி எனக்கு எதற்கு?

செப்டம்பர் 18

கூடத்து அம்மாவிடம் பேசினேன். இரண்டு வாரம் தள்ளிச் சேரலாமா என்று கேட்டேன். ஆறாம் தேதிக்கு மேல் ஒரு நாள்கூடத் தள்ள முடியாது, வரிசையில் அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்றார். யோசித்துச் சொல்லுங்கள் என்றார், அன்பாகத்தான்.

அறையைப் பார்த்ததைப் பற்றி எழுதவே இல்லை. ஒரு கட்டில், ஒரு மேசை, சுவரில் ஆணி இரண்டு. உள்ளே தாழ்ப்பாள். நான் போட்டுப் பார்த்தேன், எடுத்துப் பார்த்தேன். காட்ட வந்த காவலாளி வெளியே நின்று, "உள்ள மாட்டிக்கிட்டீங்களா?" என்று கேட்டார்.

செப்டம்பர் 20

அண்ணனோடு பேச்சு இல்லை. அவன் கூப்பிட்டால் அண்ணி போகிறார். ஒரு டீக்கு மூன்று முறை கூப்பிடுகிறான். சூடு போதாது. சர்க்கரை போதாது. டம்ளர் சரியில்லை. அண்ணி கதவுக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டே இருக்கிறார்.

விட்டுவிட்டுப் போய்விட்டால்தான் என்ன? வயல் நிற்கட்டும். யாராவது அறுக்கட்டும். போய்விடலாம். பையை எடுத்து வெளியே வைத்தேன். பிறகு உள்ளே வைத்தேன். ஈரம் பார்த்து அறுக்கச் சொல்ல, மாதிரி எடுக்க, ஆலையில் நின்று வாதாட இங்கே யார் இருக்கிறார்கள்? நான் போனால் இவன் மறுநாளே மெஷின்காரரைக் கூப்பிட்டு அறுக்கச் சொல்லிவிடுவான். எல்லாம் நாசம். ஒரு வருடத்துச் சாப்பாடு அந்த வயலில் நிற்கிறது. அதை அண்ணியும்தான் சாப்பிடவேண்டும்.

செப்டம்பர் 22

நினைத்தது நடந்தது. பூச்சி தின்னும் பூச்சி எல்லாம் செத்துப்போனதால் இலைக்கடியில் சிலந்திப்பேன் பிடித்துவிட்டது. மீதி இலையும் செம்பட்டை. இந்த நேரத்தில் அதனால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் மருந்து அடிக்கிற ஆசை இருக்கிறதே, அதற்கு இது போதும். ஜன்னல் மறுபடி ஆரம்பித்துவிட்டது. இன்னொரு முறை அடிக்கணுமாம்.

"அடி. அடிச்சுட்டு அடுத்த வருஷம் அறுத்துக்கோ," என்றேன். பேசமாட்டேன் என்று இருந்ததை மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 24

மெஷின் ரோட்டில் போயிற்று. நம் வயலைத் தாண்டி, நிற்காமல்.

செப்டம்பர் 27

மகள் பிரசவத்துக்குப் போயிருந்த பூச்சிமருந்துக் கடைக்காரர் இன்றுதான் கடை திறந்தார். சண்டை போடத்தான் போனேன். அறுவடை நெருங்கும் வயலுக்கு அந்த மருந்தை எப்படிக் கொடுத்தீர்கள், அண்ணன் ஃபோனில் கேட்டால் கொடுத்துவிடுவீர்களா என்று.

அவர் விழித்தார். "உங்க அண்ணன் எங்க கேட்டாரு? உங்க அண்ணிதான் வந்தாங்க."

அண்ணி எங்கே வந்தார், அண்ணி கடைத்தெருவுக்கே போவதில்லை என்றேன்.

"வந்தாங்க. புழுவுக்குன்னு கேட்டாங்க. ஒரு வாரத்துல அறுக்கிற மாதிரி மருந்து எடுத்துக் குடுத்தேன். இது வேணாம், ஒரு மாசம் காத்திருக்கணும்ங்கிற மருந்து இருக்காமே, அதக் குடுங்கன்னாங்க. நான் திருப்பித் திருப்பிக் கேட்டேன். நீங்க சொல்லி அனுப்பினதாச் சொன்னாங்க. புழுக்காரிக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுதுன்னு குடுத்துட்டேன்."

மருந்து அடிக்கிற ஆட்களையும் அண்ணி இவர் மூலமாகவே ஏற்பாடு செய்திருக்கிறார்.

கடை வாசலில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொடுத்தார். குடித்தேனா இல்லையா, ஞாபகமில்லை.

செப்டம்பர் 28

நாள் முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதும்போதே மரியாதை போய்விட்டது. காய்கறி நறுக்குகிறாள். அவனைத் திருப்பிப் படுக்க வைக்கிறாள். முதுகில் பவுடர் போடுகிறாள். என்னிடம் டீ நீட்டுகிறாள், எப்போதும்போல, எனக்கு மட்டும் சர்க்கரை குறைத்து. இந்தக் கையா?

நான் சொல்லிக்கொடுத்தேன். அவளுக்காவது புரிகிறதே என்று சந்தோஷப்பட்டேன். மடச்சி.

அண்ணன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான். அவனிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். கேட்கமாட்டேன்.

செப்டம்பர் 29

கொல்லையில் அண்ணி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஜன்னலிலிருந்து அந்த இடம் மட்டும்தான் தெரியாது. போய், "கடைக்காரர் சொல்லிட்டாரு," என்றேன்.

மறுக்கவில்லை. கையிலிருந்த போர்வையைப் பிழிந்துகொண்டே இருந்தார், தண்ணீர் நின்ற பிறகும்.

"ஏன் அண்ணி?"

"உன் ரூமுக்குச் சாவி இருக்குன்னு சொன்ன பாரு, அன்னைக்கு எனக்குச் சாப்பாடு எறங்கல."

அவரே மேலே பேசினார். இத்தனை வருடத்தில் இவ்வளவு சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை.

"நீ இருந்தா அவரு பாதி உன்னத் திட்டுவாரு, பாதி என்னத் திட்டுவாரு. நீ போயிட்டா முழுசும் எனக்குத்தான். அது கூடப் பரவால்ல. நான் யாருகிட்டப் பேசுவேன்? சொல்லு. நீ வயல்லருந்து வந்து புழுவப் பத்திப் பேசுவியே, அதக் கேக்கத்தான் நான் சாயங்காலம் ஆகட்டும்னு இருப்பேன். எனக்குப் புழு என்ன, பூச்சி என்ன."

"அதுக்கு என் பொழப்பக் கெடுப்பீங்களா?"

"கெடுத்துட்டேன்," என்றார். "தப்புதான். இந்த அறுவடை வரைக்கும் இரும்மா. அதுக்கப்புறம் நான் உன்னத் தடுத்தா என்னன்னு கேளு."

போர்வையின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். பழக்கம். இருவருமாக உதறிக் கொடியில் போட்டோம். அடித்திருக்க வேண்டும் நான். போர்வையைப் பிடித்துக்கொடுத்தேன்.

அக்டோபர் 3

கூடத்துக்கு ஃபோன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா, "சரிங்க, அடுத்த வருஷம் இடம் வந்தா சொல்றேன்," என்றார். எல்லாரும் சொல்வதுதான்.

யாருக்காக இருக்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். வயலுக்காக என்றுதான் முதலில் பதில் வந்தது. பொய். கொல்லையில் அவர் நின்ற நிலை கண்ணை விட்டுப் போகவில்லை. இப்படி ஒரு காரியம் செய்கிற அளவுக்கு ஒருத்தி இந்த வீட்டில் இருந்திருக்கிறாள், நான் புழுவை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அக்டோபர் 6

இன்று அந்த அறையில் வேறு யாரோ ஆணியில் சட்டை மாட்டுகிறார்கள்.

அக்டோபர் 11

காற்று. காய் நன்றாகக் காய்ந்து, தொட்டால் வெடிக்கிறது. வரிசைக்குள் நடந்தால் நம் கால்பட்டே படபடவென்று விதை தெறிக்கிறது. அறுக்கலாம் என்றால் மருந்து நாள் முடியவில்லை. முடிந்தாலும் மெஷின் இல்லை. வரப்பில் உட்கார்ந்து, கீழே கொட்டியதைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு சின்னக் கிண்ணம் நிறைந்தது. என்ன செய்வது அதை வைத்துக்கொண்டு?

அண்ணி வந்து பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினார். வயலுக்கு அவர் வந்து பார்த்ததே இல்லை. "இவ்வளவு நீளமா இந்த வரிசை?" என்றார். அதன் கடைசிவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் பஸ் ரோடு தெரிகிறது என்றார்.

அக்டோபர் 17

அறுவடை. தூசி, சத்தம், மூக்கெல்லாம் கரி. வரிசைகள் ஒவ்வொன்றாக மெஷினுக்குள் போவதைப் பார்க்கும்போது வயிறு லேசாகிறது. எதிர்பார்த்ததில் முக்கால் பங்கு தேறும். கால் பங்கு கொட்டிப்போயிற்று. ஆலையில் சோதித்தார்கள், ஒன்றும் இல்லை, கேட் திறந்தது.

அண்ணன் கட்டிலிலிருந்தபடியே, "மருந்து அடிச்சதாலதான் இவ்வளவாவது வந்துச்சு," என்றான். அண்ணி குனிந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

அக்டோபர் 19

அண்ணி இல்லை.

காலையில் டீ போட்டு, அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று மூடிவைத்திருந்தது. எனக்குச் சர்க்கரை குறைத்து. கொல்லையில் தேடினேன். வயலுக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். பிறகு அலமாரியைத் திறந்தால் அவர் பக்கம் காலி.

"எங்க அவ?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். ஜன்னலில் எல்லாப் பக்கமும் பார்த்துவிட்டான். அறுத்த வயல் வெறிச்சென்று கிடக்கிறது. பஸ் ரோடு வரைக்கும் தெரிகிறது இப்போது, பைனாகுலர் இல்லாமலே.

அக்டோபர் 20

ஃபோன் வந்தது. தன் அக்கா வீட்டில் இருக்கிறாராம். அக்காவோடு தையல் வேலைக்குப் போகப்போகிறாராம். திரும்பி வரமாட்டாராம்.

"அறுவடை வரைக்கும் இருன்னு சொன்னது இதுக்குத்தானா?" என்றேன்.

அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடுவது கேட்டது.

"பேச ஆள் இல்லன்னு சொன்னேனே, அது பொய்யில்ல. ஆனா அது மட்டும் இல்ல. நீ முதல்ல கிளம்பியிருந்தா நான் செத்தாலும் கிளம்பியிருக்க முடியாது. படுத்துக் கிடக்கிறவர விட்டுட்டு எப்படிப் போறது? பக்கத்துல ஒருத்தர் இருந்தாத்தான் போகலாம். நீ இருக்கும்போதே போகணும், அவ்வளவுதான் எனக்கு வழி. என்ன மன்னிச்சுரு. இல்லாட்டி மன்னிக்காத. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

ஃபோனை வைத்துவிட்டேன். கோபம் வரும் என்று உட்கார்ந்திருந்தேன். வந்தது பொறாமை.

நவம்பர் 8

டீக்கு மூன்று முறை. சூடு, சர்க்கரை, டம்ளர். இப்போது நான்தான் கதவுக்கும் கட்டிலுக்கும்.

நவம்பர் 23

முதுகுக்குப் பவுடர் போடும்போது அழுதான். அவள் வருவாளா என்று கேட்டான். வரமாட்டார் என்றேன். "நான் என்ன பண்ணேன்?" என்றான். நிஜமாகவே தெரியவில்லை அவனுக்கு. சொல்லலாம் என்று வாயெடுத்தேன். கட்டிலில் கிடக்கும் இந்த மனிதனைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது? கெட்டவனாகவே முழுக்க இருந்து தொலைத்திருந்தால் எவ்வளவு சௌகரியம்.

பிப்ரவரி 14

நிலத்தைக் குத்தகைக்கு விடலாம் என்றேன். பைனாகுலரைத் துடைத்துக்கொண்டே, "அப்ப நான் எதப் பாக்கிறது?" என்றான்.

மே 20

உழுது விதைத்தாயிற்று. வரிசை கோணல் என்கிறான். கோணல்தான்.

ஜூலை 2

கூடத்து அம்மா பேசினார். எல்லாரும் சொல்வதுபோல அவர் சொல்லவில்லை போலிருக்கிறது. ஒரு இடம் காலியாகிறதாம், நவம்பரில். அறுவடை முடிந்து வந்துவிடுவீர்களா என்றார்.

வருகிறேன் என்றேன். யோசிக்கவே இல்லை. சொல்லிவிட்டு, கட்டிலைப் பார்த்தேன். அவன் தூங்கிக்கொண்டிருந்தான், வாயைத் திறந்துகொண்டு.

ஜூலை 9

நூல் ஆலை மூடியதிலிருந்து பெரியம்மா மகள் சும்மாதான் இருக்கிறாள். என்னைவிட இரண்டு வயது பெரியவள், தனியாள். அவளைத் துணைக்கு வரச்சொல்லலாமா என்று கேட்டான் அண்ணன். ஒருத்தியால் வயலையும் வீட்டையும் பார்க்க முடியாதே என்று என்மேல் அக்கறைப்பட்டுக் கேட்டான். நான்தான் ஃபோன் எண்ணைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். நவம்பரைப் பற்றி அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 21

அக்கா வந்துவிட்டாள். பஸ் நிறுத்தத்துக்குப் போயிருந்தேன். மூன்று பை. நூல் ஆலையில் வாங்கிய இருமல் இன்னும் இருக்கிறது. வரப்பில் நடக்கும்போதே குனிந்து ஒரு இலையைத் திருப்பி, "இது என்னடி, முட்டையா?" என்றாள். முட்டைதான். அவ்வளவு சின்னது எல்லார் கண்ணிலும் படாது. நல்ல கண் என்றேன், சந்தோஷப்பட்டாள்.

வீடு தெரிகிற இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். ஜன்னலில் பைனாகுலர் கண்ணாடி மின்னியது.

"படுக்கையில இருக்கிறவரப் பாக்கிறதுன்னா பயம்தான் எனக்கு," என்றாள். "நீ இருக்கேன்னுதான் சரின்னேன். நீ இங்கதானே இருப்ப?"

இருப்பேன்க்கா என்றேன். அவளால் தூக்க முடியவில்லை, பைகளில் இரண்டை நான் வாங்கிக்கொண்டேன்.